உறைபனியில் ஈரத்துணியோடு, ஒற்றை பூட்ஸோடு மாட்டிக்கொண்டால்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்குத் தெரிந்த குளிர் அவ்வளவுதான். மங்கி குல்லாவும் ஒரு போர்வையும் இருந்தால் சமாளித்துவிடலாம். ஆனால் இப்போது கனடாவுக்கும் நார்வேக்கும் குடிபோனவர்கள், டிசம்பர் லீவில் இமயமலை ட்ரெக்கிங் கிளம்புகிறவர்கள் என்று நிஜமான உறைபனிக்குள் கால் வைக்கிற நம் ஆட்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இது.

சும்மா விதிகளை அடுக்கினால் யாருக்கும் மனசில் நிற்காது. அதனால் ஒரு ஆளின் கதையைப் பிடித்துக்கொண்டு போகிறேன். பெயர் யான் போல்ஸ்ருட். (நம் செய்யுளில் யான் என்றால் நான்; நார்வேயில் அது ஊருக்குப் பத்துப் பேர் வைத்திருக்கும் பெயர்.) இரண்டாம் உலகப் போர் நேரம், 1943 மார்ச் 24 அன்று பிரிட்டனின் ஷெட்லண்ட் தீவிலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் 12 பேர் கிளம்பினார்கள், உள்ளே 8 டன் வெடிமருந்து. ஜெர்மானியர் கையில் இருந்த வட நார்வேயில் நாசவேலை செய்வது திட்டம். போய் இறங்கியதும் சந்திக்க வேண்டிய ஆளுக்குப் பதிலாக அதே பெயர் கொண்ட வேறொரு கடைக்காரரிடம் பேசிவிட்டார்கள். அவர் பயந்துபோக, விஷயம் ஜெர்மானியர் காதுக்குப் போய்விட்டது. மார்ச் 30 அன்று தோஃப்டேஃபியோர்டு என்ற இடத்தில் ஜெர்மன் கப்பல் வந்து வழியை அடைத்தது. இவர்கள் தங்கள் படகைத் தாங்களே வெடிக்க வைத்துவிட்டுத் தண்ணீரில் குதித்தார்கள். 12 பேரில் தப்பியது யான் ஒருவர்தான். ஒரு காலில் பூட்ஸ் இல்லை, ஒரு கால் பெருவிரலில் பாதியைத் துப்பாக்கிக் குண்டு கொண்டுபோய்விட்டது, உடம்பெல்லாம் கடல் தண்ணீர். அங்கிருந்து ஜூன் 1 அன்று ஸ்வீடனுக்குள் போய்ச் சேரும் வரை இரண்டு மாதம்.

வீரக் கதையாக இதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு இது ஒரு கையேடு. அவர் செய்ததில் பாதியை அப்படியே செய்யலாம், மீதியைச் செய்யவே கூடாது.

முதலில் தண்ணீர்

ஐஸ் தண்ணீரில் விழுந்தால் குளிரில் விறைத்துச் சாவோம் என்றுதான் நினைப்போம். பலர் அதற்கு ரொம்ப முன்பே முடிந்துவிடுகிறார்கள். விழுந்தவுடன் உடம்பு தன்னையறியாமல் ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குப் போவது தண்ணீர். அதனால் முதல் ஒரு நிமிடம் நீந்தப் பார்க்காதீர்கள், மிதந்தபடி மூச்சைச் சீராக்குங்கள். அப்புறம் சுமார் 10 நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும், கரையேற வேண்டியது அதற்குள். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் கை வேலை செய்யாதபோது அந்த மீதி நேரத்தை வைத்து என்ன செய்வது? ஒன்று, பத்து, ஒன்று: இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

யான் அன்று ஒரு தடவை நீந்தியதோடு விடவில்லை. தேடுகிறவர்கள் அந்தத் தீவை சல்லடை போட்டுச் சலிப்பார்கள் என்று தெரிந்ததால், இருட்டியதும் மறுபடி கடலில் இறங்கி அடுத்த தீவுக்குப் போனார். துரத்த ஆள் இல்லாத நீங்கள் ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும்.

கரையேறியதும் ஈரத்துணியைக் கழற்றுங்கள். மாற்று இல்லையா, கழற்றிப் பிழிந்து மறுபடி போட்டுக்கொள்ளுங்கள், அதுவே பெரிய வித்தியாசம். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு பிடித்து வைக்கும். பருத்தி நனைந்தால் செத்த துணி. நம் ஊருக்குப் பருத்தி வரம், பனிக்கு அது எமன். இரண்டு வருஷம் முன்பு உத்தராகண்டில் ஒரு குளிர்கால ட்ரெக்கில் நான் தெருக்கடையில் வாங்கிய பருத்தி சாக்ஸோடு ஓடையில் காலை விட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் கால் கட்டைவிரல் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கூட வந்த வழிகாட்டிப் பையன், இருபது வயசுகூட இருக்காது, ஒன்றும் பேசாமல் என் சாக்ஸை உருவிப் போட்டுவிட்டு, இரண்டு பாதத்தையும் தன் ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டான். "அண்ணா, விரல் குத்துதுன்னா சொல்லுங்க" என்று இந்தியில் கேட்டுக்கொண்டே இருந்தான். குத்த ஆரம்பித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வலி நல்ல செய்தி, ரத்தம் திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

கதவைத் தட்டுவது ஒரு கலை

யானின் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய உடம்பு வலு இல்லை, உதவி கேட்ட விதம். முதல் நாளே அவரைப் பார்த்தது இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போக, அங்கே காய்ந்த துணியும் சாப்பாடும் கிடைத்தன. அப்புறம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீடு, ஒரு படகிலிருந்து இன்னொரு படகு. தப்பி ஓடுகிறவனுக்குச் சோறு போட்டால் தலை போகும் என்ற காலம் அது. அவர் ஒரு வீட்டில் ரொம்ப நேரம் தங்குவதில்லை, முந்தைய வீட்டுக்காரர் யார் என்று அடுத்த வீட்டில் சொல்வதில்லை. மாட்டிக்கொண்டால் ஒரு வீட்டோடு போகட்டும் என்று.

உங்களுக்கு அந்த ரகசியம் தேவையில்லை, நேர் எதிராகச் செய்யுங்கள். கிளம்பும்போது எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம், எந்த நேரத்துக்குள் போன் வராவிட்டால் தேட ஆள் அனுப்ப வேண்டும் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். வழி தவறினால் வெட்கப்படாமல் முதல் வெளிச்சத்தை நோக்கிப் போங்கள். கடைக்காரர் விஷயத்திலிருந்தும் ஒன்று எடுத்துக்கொள்ளலாம்: ஒரே பெயரில் இரண்டு ஊர், இரண்டு கணவாய், இரண்டு லாட்ஜ் இருக்கும் இடங்களில் பெயரை மட்டும் நம்பாதீர்கள், வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சரிவும் கண்ணும்

வட நார்வேயின் லிங்கென் மலைப்பகுதியில் யான் ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) கட்டிக்கொண்டு நன்றாகவே போய்க்கொண்டிருந்தார். அங்கேதான் பனிச்சரிவு வந்து அடித்துப் போட்டது. ஸ்கீ போயிற்று, தலையில் அடி. அதற்குப் பிறகு நாள்கணக்கில் மலைக்குள் சுற்றியிருக்கிறார், பாதி நேரம் இல்லாத ஆட்களோடு பேசிக்கொண்டு.

பெரும்பாலான பனிச்சரிவு 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் வரும். ரொம்பச் செங்குத்தானால் பனி தங்காது, ரொம்பத் தட்டையானால் சரியாது. பார்க்க அழகாக, ஸ்கீ விடத் தோதாக இருக்கும் சரிவுதான் ஆபத்தான சரிவு. புதுப்பனி கொட்டி ஓரிரு நாள் ஆகாத நிலையில் அதன் மேலும் நடக்காதீர்கள், அதன் கீழும் நடக்காதீர்கள். அடித்துக்கொண்டு போனால், பனி நிற்கப்போகிறது என்று தோன்றும் நேரத்தில் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுவிட ஒரு குழி உண்டாக்கிக்கொள்ளுங்கள். நின்றபின் அது சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. கூட இருப்பவர்களே முதல் 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு, அதற்குமேல் சட்டென்று குறைந்துகொண்டே போகும். மீட்புப் படை வரும் வரை காத்திருப்பது என்ற பேச்சே கிடையாது.

அப்புறம் கண். யானுக்குப் பனிக்குருடும் வந்தது. புதுப்பனி தன் மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி மூஞ்சியில் அடிக்கும், மேகமூட்டம் என்றாலும் ஏமாற வேண்டாம். படும்போது ஒன்றும் தெரியாது. சாயங்காலம் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல் ஆரம்பிக்கும். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஓரிரு நாள் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், கசக்கத்தான் கூடாது. கூலிங் கிளாஸ் தொலைந்துவிட்டால் ஒரு அட்டையில் மெல்லிய கீறல் இரண்டு போட்டுக் கண்ணில் கட்டிக்கொள்ளுங்கள். ஆர்க்டிக் பனிப்பிரதேசத்து இனுயிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் செதுக்கிக் காலகாலமாகப் போட்டுக்கொண்டது இதைத்தான்.

பனிக்குள்ளேயே படுக்கை

கண் தெரியாமல் தட்டுத்தடுமாறி ஃபுருஃப்ளாத்தன் என்ற கிராமத்தில் யான் ஒரு வீட்டுக்குள் போய் விழுந்தார். மாரியஸ் குரோன்வோல் என்ற விவசாயி அவரைத் தன் குடும்பத்துக் கொட்டகையில் ஒளித்து வைத்து, பிறகு நண்பர்களோடு படகில் ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நுழைந்த கடலின்) அக்கரைக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு சின்னக் குடிசை. அதற்கு யான் வைத்த பெயர் 'ஹோட்டல் சவாய்'. இந்த நிலையிலும் கிண்டல் போகவில்லை பாருங்கள். பிறகு சறுக்குவண்டியில் கட்டி மலை உச்சிக்கு இழுத்துப்போனார்கள், மறுபக்கத்து மாண்டாலன் ஊர்க்காரர்கள் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. வானிலை, ஜெர்மன் ரோந்து என்று ஒன்று மாற்றி ஒன்று. மொத்தம் 27 நாள் அந்த மேட்டில், ஒரு பாறையின் ஓரம், பனிச்சுவர் மறைப்பில் படுத்த படுக்கை.

எப்படி உயிரோடு இருந்தார் என்றால், பாதி விடை பனிதான். பனி முழுக்க அடைபட்ட காற்று, நம் இலவம்பஞ்சு மெத்தை மாதிரி. வெளியே மைனஸ் 30 என்றாலும் நன்றாகத் தோண்டிய பனிக்குழிக்குள் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும். கொல்வது பெரும்பாலும் காற்று, அதனால் கூடாரம் இல்லாவிட்டால் நின்று யோசிக்காமல் பனிக்குள் தோண்டுங்கள். வாசல் தாழ்வாகவும் படுக்கும் மேடை அதைவிட உயரமாகவும் இருக்கட்டும், குளிர்ந்த காற்று கீழே இறங்கிவிடும். கூரையில் ஒரு குச்சியால் காற்றுத்துளை போட்டு, தூங்கி எழும்போதெல்லாம் அது அடைபடவில்லையா என்று குத்திப் பாருங்கள். உள்ளே அடுப்பு பற்றவைத்தால் இந்தத் துளை இல்லாமல் காலையில் எழுந்திருக்க மாட்டீர்கள். கீழே மரக்கிளை, பை, கயிறு, எதையாவது போட்டுப் படுங்கள், தரை திருடும் சூடு அதிகம்.

தாகத்துக்கு வெறும் பனியைத் தின்னாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கான பனியை வயிற்றுக்குள் உருக்கி உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 117 கிலோ கலோரி செலவு, கிட்டத்தட்ட மூன்று இட்லி. சாப்பாடே இல்லாதபோது அது கட்டுப்படியாகாது. பாட்டிலில் போட்டுச் சட்டைக்கு வெளியே, கோட்டுக்குள்ளே வைத்து, நடக்கும்போது உருக விடுங்கள்.

கூட இருப்பவர் தடுமாறுகிறார், வார்த்தை குழறுகிறது, ஜிப்பைப் போட வரவில்லை, காரணமில்லாமல் எரிந்து விழுகிறார் என்றால் உடம்புச் சூடு இறங்குகிறது. நடுக்கம் நின்றுவிட்டது, அப்பாடா என்று நினைக்காதீர்கள், அதுதான் மோசமான கட்டம். சிலர் அந்த நிலையில் உடம்பு எரிகிறது என்று துணியை அவிழ்ப்பார்கள், விடாதீர்கள். விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுங்கள். பிராந்தி வேண்டவே வேண்டாம். குடித்தால் சூடாக இருப்பது போலத் தோன்றுவது, உள்ளே இருக்கும் சூடு தோலுக்கு வந்து வெளியேறுவதால்தான்.

கால்

கடைசியாக விட்டது இதுதான், எழுதக் கஷ்டமாக இருப்பதால். அந்த மேட்டில் படுத்திருந்தபோது யானின் கால் விரல்கள் கறுத்து அழுக ஆரம்பித்தன. அழுகல் மேலே ஏறினால் கால் போகும், பிறகு உயிர் போகும். கத்தியை எடுத்துத் தானே வெட்டினார். மொத்தம் 9 விரல்கள். பாதங்கள் தப்பின.

இதைப் படித்துவிட்டு யாரும் கத்தியைத் தேட வேண்டாம். எது செத்தது எது பிழைக்கும் என்று கறுத்த விரலைப் பார்த்ததும் சொல்லிவிட முடியாது. டாக்டர்களே வாரக்கணக்கில், சமயத்தில் மாசக்கணக்கில், எல்லை தெரியும் வரை காத்திருக்கிறார்கள். அவருக்கு ஆஸ்பத்திரி ஒரு நாட்டு எல்லைக்கு அப்பால் இருந்தது, உங்களுக்கு அப்படி இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. விரல் வெளுத்து, மெழுகு மாதிரி, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் இருந்தால், தேய்க்காதீர்கள். பனியை வைத்துத் தேய்ப்பது என்பது நெப்போலியனின் ராணுவ டாக்டர் லாரே 1812 ரஷ்யப் பின்வாங்கலுக்குப் பிறகு பரப்பி, அப்புறம் 100 வருஷத்துக்கு மேல் எல்லோரும் நம்பிய வைத்தியம். உள்ளே ஐஸ் ஊசிகள் இருக்கும்போது தேய்த்தால் சதை கிழியும். நெருப்பருகேயும் காட்டாதீர்கள், மரத்த தோலுக்கு வெந்தது தெரியாது. 37 முதல் 39 டிகிரி தண்ணீரில், அதாவது குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில், தோல் சிவந்து மிருதுவாகும் வரை அரை மணி நேரம்போல் முக்கி வையுங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். ஆனால் இன்னும் நடந்துதான் ஊர் சேர வேண்டும், வழியில் மறுபடி உறையும் என்றால் உருக்கவே உருக்காதீர்கள். உறைந்த காலோடு நடந்து போய்விடலாம். உருகிய கால் மறுபடி உறைந்தால் அதைக் காப்பாற்றுவது கஷ்டம்.

கடைசியில் சாமி என்ற வட ஸ்காண்டிநேவியப் பழங்குடியினர் அவரைக் கலைமான் இழுக்கும் வண்டியில் போட்டு, ஃபின்லாந்தின் ஓரமாக ஸ்வீடனுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். போதன் ஊர் மருத்துவமனையில் 7 மாதம். அதற்குப் பிறகு அவர் பிரிட்டனுக்குத் திரும்பி, விரல் இல்லாத பாதங்களில் நடந்துகொண்டே, அடுத்த செட் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

பூட்ஸ் வாங்கும்போது கடையில் இரண்டு கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு போட்டுப் பாருங்கள். உள்ளே விரலை மடக்கி நீட்ட இடம் இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், அடுத்த சைஸைக் கேளுங்கள்.