ஆட்டுக்கு முன் தீவனம்: மானாவாரிக் கிராமங்களில் பணியைத் தொடங்கும் முறை

மழையை மட்டுமே நம்பி உழும் ஏழைக் குடும்பங்களுக்கு உதவ வரும் அமைப்புகள் பெரும்பாலும் ஆடு வாங்கிக் கொடுப்பதில்தான் தொடங்குகின்றன. மழை ஓய்ந்தபின் வரும் வறண்ட மாதங்களில் அந்த ஆடுகள் எதைத் தின்னும் என்பதற்கு விடை கிடைக்கும்வரை ஒரு குட்டியைக்கூட வாங்காதிருப்பதே நல்லது.

முதலில் குடும்பத்தாரோடு, குறிப்பாகக் கால்நடைகளை நாள்தோறும் பராமரிக்கும் பெண்களோடு உட்கார்ந்து, எந்த மாதத்தில் தானியம் தீர்கிறது, எப்போது தீவனம் குறைகிறது, எப்போது கடன் வாங்க நேர்கிறது என்பதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 கிலோ உலர்தீவனம் தேவை. 5 ஆடுகளுக்கு 120 நாள்களில் 600 கிலோ ஆகிறது. மேய்ச்சலில் கிடைப்பதைக் கழித்தால் மீதியை நிலம்தான் தர வேண்டும்.

எனவே பயிர் ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தானிய விளைச்சலை மட்டும் பார்ப்பது போதாது. தட்டை (கதிர் அறுத்தபின் மிஞ்சும் தண்டும் இலையும்) மிகுதியாகத் தரும் சோளத்தோடு தட்டைப்பயறை ஊடுபயிராக விதைத்தால், கதிர் பிடிக்கும் நேரத்தில் மழை பொய்த்தாலும் தீவனமாவது மிஞ்சும். ஆனால் வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தைப் பச்சையாக மேயவிடக் கூடாது; அதில் உருவாகும் சயனைடு நஞ்சு மாட்டையும் ஆட்டையும் விரைவிலேயே கொன்றுவிடும். அறுத்து நன்றாகக் காயவைத்த பின்னரே அதைக் கொடுக்க வேண்டும்.

ஒரு ஹெக்டேரில் பெய்யும் 1 மில்லிமீட்டர் மழை 10,000 லிட்டர் நீராகும். சரிவுக்குக் குறுக்கே உழுது, சால்களில் இடைவெளி விட்டுச் சிறு மண்தடுப்புகள் அமைத்தால், ஓடிப்போகும் நீரின் பெரும்பகுதி வேருக்குக் கிடைக்கும். தொழுவுரம் இட்ட மண் அந்த ஈரத்தைக் கூடுதல் நாள்கள் காக்கும்.

ஆடுகள் வரும் முன்பே தடுப்பூசிக்கும் ஏற்பாடு வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசியை ஒருமுறை போட்டால் சுமார் 3 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு; ஆயினும் மருந்து ஊர்வந்து சேரும்வரை குளிர்ச்சியில் இல்லாவிட்டால் ஊசி போட்டும் பயனில்லை. தீவனம் விளைவிக்க நிலமே இல்லாத குடும்பங்களுக்கு ஆட்டைவிட நாட்டுக்கோழி பொருந்தும்.

விற்பனைக்கும் காலம் பார்க்க வேண்டும். கிடாக்குட்டிகளையும் வயதான ஆடுகளையும் மழைக்காலத்தின் இறுதியில், உடல் தேறியிருக்கும்போதே விற்றுவிட்டால், எஞ்சும் தீவனம் சினை ஆடுகளுக்குப் போதும். தீவனம் தீர்ந்தபின் எல்லாரும் ஒரே நேரத்தில் சந்தைக்குப் போனால், மெலிந்த ஆட்டுக்கு அவர்கள் கேட்ட விலை கிடைக்காது.