காய்ச்சலா, எந்தக் கிருமி? புதிய தாதியருக்கு ஒரு செய்முறைப் பாடம்

பாடப்புத்தகம் கிருமியிலிருந்து நோய்க்குப் போகும். மருந்தகத்தில் எல்லாம் தலைகீழ். எதிரில் ஒருவர் காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பார், அவரிடமிருந்து நாம் கிருமிக்குப் போக வேண்டும். காய்ச்சல், தலைவலி, உடம்புவலி மூன்றும் டெங்கிக்கும் உண்டு, இன்புளுவென்சாவுக்கும் உண்டு, மலேரியா, டைபாய்டு, எலிக்காய்ச்சலுக்கும் உண்டு. அதனால் அறிகுறிப் பட்டியலை மனப்பாடம் செய்து பெரிய பயன் இல்லை. நோய்களைப் பிரித்துக் காட்டுவது நாள்கணக்கும், போய்வந்த இடமும், அந்த ஆளின் உடல்நிலையும்தான். அவற்றை எந்த வரிசையில் கேட்பது என்பதுதான் இந்தப் பாடம்.

தாதிமைப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நோயை உறுதிசெய்வது மருத்துவரின் வேலை. வீட்டில் இதை வைத்துக்கொண்டு தானாக மருந்து வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

தொடங்கும் முன்: ஆபத்தா?

மூச்சு வாங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, கை கால் சில்லிட்டிருக்கிறதா, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறதா, கழுத்தை மடக்க முடியவில்லையா, அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள் தோலில் இருக்கின்றனவா? மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சலா? இதில் ஒன்று இருந்தாலும் கிருமியின் பெயரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

படி 1: நாளை எண்ணுங்கள்

“எத்தனை நாளாகக் காய்ச்சல்?” என்று கேட்டால் “மூணு நாலு நாளா” என்றுதான் பதில் வரும். “முதல் தடவை எப்போது உடம்பு சுட்டது? ஞாயிற்றுக்கிழமை நல்லா இருந்தீங்களா?” என்று கேளுங்கள், தேதி கிடைக்கும். அந்தத் தேதிதான் முதல் நாள்.

தொடங்கிய விதத்தையும் கேளுங்கள். “மத்தியானம் வரை வேலை பார்த்தேன், சாயங்காலம் நடுங்க ஆரம்பிச்சது” என்பது இன்புளுவென்சாவுக்கும் டெங்கிக்கும் பொருந்தும். டைபாய்டு பெரும்பாலும் அப்படி வராது. நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும், வயிறு மந்தமாக இருக்கும், சிலருக்கு மலச்சிக்கல்கூட இருக்கும்.

டெங்கியில் நாள்கணக்கு உயிர்காக்கும் கணக்கு. காய்ச்சல் விட்டதும் “குணமாயிடுச்சு” என்று வீட்டுக்காரர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை பயன்படும் என்பதையும் நாள்தான் சொல்லும். முதல் சில நாள்களில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை, ஐந்தாம் நாளுக்குப் பிறகு உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம். டெங்கி இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் கூடாது. பாராசிட்டமால் போதும்.

படி 2: எங்கே போனார், எதைத் தொட்டார்

என்னைக் கேட்டால் மொத்தப் பாடமும் இந்தப் படிதான்.

“வெளிநாடு போனீங்களா?” என்று கேட்காதீர்கள். மலேசியாவின் ஜோகூருக்குச் சாமான் வாங்கப் போனதையும் இந்தோனேசியாவின் பாத்தாமுக்குப் படகில் போய்வந்ததையும் இங்கே சிங்கப்பூரில் யாரும் வெளிநாட்டுப் பயணமாக எண்ணுவதில்லை. “சமீபத்தில் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்தீங்களாண்ணே?” என்று கேட்டுப் பாருங்கள். “ஆமா சிஸ்டர், அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனேன்” என்று வரும். அங்கிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். எந்த ஊர், எத்தனை நாள், வயல்காட்டுக்குப் போனாரா, தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாரா, என்றைக்குத் திரும்பி வந்தார்?

சிங்கப்பூரை மலேரியா இல்லாத நாடாக உலகச் சுகாதார நிறுவனம் 1982இல் அறிவித்தது. எனவே இங்கே மலேரியா என்றால் முதலில் பயணத்தைத்தான் நினைக்க வேண்டும். பயணம் போய்வந்தவரின் காய்ச்சலில் மலேரியாவை விலக்காமல் மேலே நகரக் கூடாது, ஃபால்சிபேரம் வகை சில நாள்களில் ஆளைக் கொன்றுவிடும். வைவாக்ஸ் வகை கல்லீரலில் ஒளிந்திருந்து பல மாதம் கழித்துத் தலைகாட்டும். “நான் வந்து ஆறு மாசமாச்சே” என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்தவருக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் என்றால் டைபாய்டு, டெங்கி, மலேரியாவோடு இன்னொன்றையும் சேருங்கள்: ஸ்க்ரப் டைபஸ். புதர்ச் செடிகளில் இருக்கும் சின்னஞ்சிறு உண்ணிப்பூச்சி கடித்துப் பரவும் நோய் இது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று ஆடைக்குள் ஒளிந்திருப்பதால் தேடினால்தான் கிடைக்கும். கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்குக் கேட்கும் நோய்.

வெள்ளநீரிலோ எலி திரியும் சாக்கடையிலோ கால் வைத்தவருக்குக் கெண்டைக்கால் வலி, சிவந்த கண், மஞ்சள் காமாலை இருந்தால் எலிக்காய்ச்சல்.

எங்குமே போகவில்லையா? அப்போது வீட்டு முகவரியைக் கேளுங்கள். 150 மீட்டருக்குள், 14 நாள் இடைவெளியில் இரண்டு பேருக்கு டெங்கி வந்தாலே தேசிய சுற்றுப்புற வாரியம் அதை ஒரு நோய்க் குழுமமாகப் பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலை இணையத்தில் பார்க்க அரை நிமிடம் போதும். 2020இல் மட்டும் இங்கே 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது.

டெங்கியைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசு சிக்குன்குன்யாவையும் ஸிக்காவையும் பரப்பும். சிக்குன்குன்யா உள்ளூரில் முதலில் பரவியது 2008 ஜனவரியில், நம்ம லிட்டில் இந்தியாவில். ஸிக்கா 2016 ஆகஸ்ட்டில் அல்ஜுனிட் வட்டாரத்தில். மூன்றையும் பிரிக்க ஒரு குறுக்குவழி உண்டு. மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கி, எழுந்து நிற்கவே முடியாவிட்டால் சிக்குன்குன்யா. லேசான காய்ச்சல், அரிப்பான தடிப்பு, சிவந்த கண் என்றால் ஸிக்கா. கண்ணுக்குப் பின்னால் வலி, தட்டணுக்களும் வெள்ளை அணுக்களும் இறங்குவது டெங்கி. குறுக்குவழி சில நேரம் ஏமாற்றும். பரிசோதனைதான் முடிவு சொல்லும்.

படி 3: ஆள் யார்?

கர்ப்பிணி என்றால் ஸிக்கா வேறு எடை பெறுகிறது, குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். பாலர் பள்ளிப் பிள்ளை என்றால் வாயையும் உள்ளங்கையையும் முதலில் பாருங்கள்.

நீரிழிவு இருப்பவரை நான் தனியாகவே எண்ணுவேன், நம் சமூகத்தில் அது எவ்வளவு பரவலானது என்று உங்களுக்கே தெரியும். அவருக்குக் குளிர்நடுக்கத்தோடு வலது விலாவுக்குக் கீழே வலித்தால் கல்லீரல் சீழ்க்கட்டி. இந்த வட்டாரத்தில் அதற்குக் காரணம் பெரும்பாலும் க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா. இன்னொன்று மெலியோய்டோசிஸ். சிங்கப்பூரின் மண்ணிலும் நீரிலுமே இருக்கும் ஒரு பாக்டீரியா, பலத்த மழைக்குப் பிறகு கூடுதலாகத் தாக்கும். நுரையீரலைப் பிடித்தால் பார்ப்பதற்குக் காசநோய் போலவே இருக்கும்.

படி 4: தோலையும் தொண்டையையும் பாருங்கள்

சின்னம்மையில் சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக, எரிச்சலோடு வந்தால் அக்கி. அதே வைரஸ்தான், பல வருடம் நரம்பில் தூங்கிவிட்டு எழுந்துவருகிறது. அக்கிக்குக் காவி பூசி எழுதும் வழக்கம் நம்மில் உண்டு. பாட்டியோடு அதற்காகச் சண்டை போட வேண்டாம், ஆனால் வைரஸ் மருந்து முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

தட்டம்மை இருமல், மூக்கொழுகல், சிவந்த கண்ணோடு ஆரம்பித்து, சில நாள் கழித்துக் காதுக்குப் பின்னாலிருந்து தடிப்பாக இறங்கும். வாய்ப்புண்ணும் உள்ளங்கை, உள்ளங்காலில் கொப்புளமும் இருந்தால் கை, கால், வாய் நோய். பெரும்பாலும் காக்சாக்கி வைரஸ், சில நேரம் கடுமையான என்டிரோவைரஸ் 71.

தொண்டைவலியில் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தின் முன்பக்க நெறிகட்டு இருந்து இருமல் மட்டும் இல்லை என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை நினைக்கலாம். இருமலும் மூக்கொழுகலும் இருந்தால் பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாட்டிக் வீண்.

படி 5: வயிறு என்றால் மணிக்கணக்கு

சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியா? உணவில் ஏற்கெனவே உருவாகியிருந்த நச்சு. ஸ்டெஃபிலோகாக்கஸாக இருக்கலாம். வெளியே வைத்து ஆறிப்போன சோறு என்றால் பேசிலஸ் சீரியஸ். அண்டா கணக்கில் சமைத்த கறி, எட்டு முதல் பதினாறு மணி நேரத்தில் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இல்லை என்றால் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ். கல்யாண விருந்துக்கு மறுநாள் இதை நினைவில் வையுங்கள். காய்ச்சலும் சேர்ந்து ஒன்றிரண்டு நாளில் வந்தால் சால்மொனெல்லா. வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் வாந்தி எடுத்தால் நோரோவைரஸ்.

கடல் உணவா என்றும் கேளுங்கள். 2009இல் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ரோஜாக் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்று இருவர் இறந்ததற்குக் காரணம் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். பச்சைக் கடல் உணவிலிருந்து சமைத்த உணவுக்குத் தாவியது.

படி 6: மூன்று பெயர் எழுதுங்கள்

அதிகம் சாத்தியமான இரண்டு, தவறவிட்டால் ஆளைக் கொல்லும் ஒன்று. பிறகு ஒவ்வொன்றையும் உடைக்கப் பாருங்கள். பயிற்சிக்கு ஒரு கற்பனை நோயாளி:

52 வயது, கட்டுமானத் தள மேற்பார்வையாளர், நீரிழிவு. ஒன்பது நாள் காய்ச்சல், இருமல், எடை குறைவு. ஊருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. டிசம்பர் மழை, தளம் முழுக்கச் சேறு, காலில் ஆறாத ஒரு கீறல்.

டெங்கியா? ஒன்பதாம் நாளிலும் காய்ச்சல் ஏறுவது அதன் வழக்கமில்லை. இன்புளுவென்சாவும் இத்தனை நாள் இழுக்காது. அண்மையில் பயணம் இல்லாதது மலேரியாவை ஏறக்குறைய விலக்குகிறது. காசநோய் நிற்கிறது. சேறு, கீறல், நீரிழிவு, மழை நான்கையும் சேர்த்தால் மெலியோய்டோசிஸ் முன்னே வருகிறது, கொல்லும் பெயரும் அதுதான். நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது). நிமோனியாவுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரயாக்ஸோன் இதற்குப் போதாது, செஃப்டஸிடைம் அல்லது மெரோபெனம் தேவைப்படும். அதனால் உங்கள் சந்தேகத்தை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் கல்ச்சர் தாளிலும் ‘மெலியோய்டோசிஸ் சந்தேகம்’ என்று எழுதச் செய்யுங்கள். எழுதாவிட்டால் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமியை வேறொன்றாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு, கிருமி வளர்க்கும் தட்டைத் திறந்து வேலை செய்பவருக்கும் அது ஆபத்து.