வளவுக்குள் நடக்கும் வேட்டையைப் பார்ப்பது எப்படி?

பூனை பாய்வதை மட்டும் பார்க்கக் காத்திருந்தால் ஏமாந்துதான் போவீர்கள். பாய்ச்சல் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதற்கு முந்திய கால்மணித்தியாலத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். பின்னால் விறகுக் கொட்டில், கிடுகு வேலி, கோடியில் இரண்டு பனை. எலிக்கு வேறு சொர்க்கம் வேண்டாம். பொழுதுபட்டால் எங்கள் கடுவன் கறுப்பன் அங்கேதான். நீங்களும் மைம்மல் நேரத்தையோ விடிகாலையையோ தெரிவு செய்யுங்கள். கதிரையைப் பத்தடி தள்ளிப் போட்டுவிட்டு அசையாமல் இருங்கள். ரோச் அடிக்க வேண்டாம். பூனையின் கண்ணுக்குள் பின்பக்கத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் அதற்கு மங்கல் வெளிச்சமே தாராளம். உங்களுக்குக் குசினி லைற்றின் ஓர வெளிச்சம் போதும்.

முதலில் காதைக் கவனியுங்கள். எலிகள் தங்களுக்குள் போடும் கீச்சொலிகள் பல 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே, நமக்குக் கேட்காத உயரத்தில் இருக்கின்றன. பூனைக்கு 60 வரையும் கேட்கும். ஒரு சத்தமும் இல்லாத விறகுக் குவியலை நோக்கி அதன் இரண்டு காதும் திரும்பினால், அங்கே ஆள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் காலைப் பாருங்கள். முன்னங்கால் பதிந்த இடத்திலேயே பின்னங்காலை வைக்கும். சருகில் சத்தம் குறையும். வயிறு நிலத்தோடு ஒட்டும். கடைசியில் பின்புறம் இடமும் வலமுமாக ஆடும். அது தொடங்கினால் இமைக்காதீர்கள்.

மூக்குக்கு முன்னால் ஓரடிக்குள் இருப்பது பூனைக்குத் தெளிவாகத் தெரியாது. அந்த இடத்தில் மீசைதான் கண். முன்னால் வளைந்து இரையைத் தொட்டுப் பார்க்கும். பிடரியைக் கண்டுபிடித்ததும் கடி விழும். எலியை விட்டுவிட்டுப் பிடித்தால் "பூனை விளையாடுது" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய எலி திருப்பிக் கடிக்கும். அதைக் களைக்க வைக்கிற வேலை அது.

உயிரோடு கொண்டுவந்து கட்டிலடியில் விட்டால் வெறுங்கையை நீட்டாதீர்கள். மாரியில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. வாளியைக் கவிழ்த்து மூடி, அடியால் தடித்த மட்டையைச் செருகி, அப்படியே வெளியே கொண்டுபோங்கள்.

பூனை இல்லாதவர்கள் ரியூப் லைற்றடியில் பல்லியைப் பார்க்கலாம். ஆனால் என்னைக் கேட்டால் மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் குழியானைப் பூச்சிதான் முதல்தரம். தாழ்வாரத்தில் மழை படாத மணலில் சின்னச் சின்னக் கூம்புக் குழிகள் தெரியும். குனிந்து, மூச்சு மணலில் படாமல் இருந்து, ஒரு குழியின் விளிம்பைப் பாருங்கள். எறும்பு கால் வைத்தால் மணல் சரியும். அது ஏற ஏற, அடியில் புதைந்திருக்கும் பூச்சி தலையால் மணலை அள்ளி எறிந்து இன்னும் சரிய வைக்கும். அகப்பட்டதும் கொடுக்கு மாதிரியான தாடை மட்டும் ஒருதரம் வெளியே வரும். சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் கோதை வெளியே எறிந்துவிடும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்லது கிடையாது. சாரைப்பாம்பு எலி விழுங்குவதைக் காட்டினால் அம்மாமார் ஏசுவார்கள்.

இன்னும் ஆசை இருந்தால் ஒருநாள் விடிய, கடல்நீரேரியைக் கடக்கும் பண்ணைப் பாலத்துப் பக்கம் போங்கள். மஞ்சள் பாதமும் கறுப்புக் காலும் உள்ள சின்ன வெள்ளைக் கொக்கைத் தேடுங்கள். ஒரு காலை மெல்ல நடுக்கிச் சேற்றைக் கலக்கும். ஒளிந்திருந்த மீனும் இறாலும் கிளம்பும். தண்ணீருக்குள் மீன் தெரிகிற இடம் ஒன்று, உண்மையில் இருக்கிற இடம் வேறு. கொக்கு அதைக் கணித்துத்தான் கொத்துகிறது. வெயில் ஏறமுன் போய்விடுங்கள், அங்கே நிழல் கிடைக்காது.