வளவு விளக்குகளுக்கு டிம்மர் பொருத்திய அனுபவம்

காரைக்குடியில் உள்ள எங்கள் பழைய வீட்டின் திறந்த வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றிப் போட்டிருந்த எல்இடி விளக்குகள், இரவில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேச முடியாதபடி கண்ணைக் கூசச் செய்ததால், அவற்றுக்கு ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பொருத்த முடிவு செய்தேன்.

கடையில் முதலில் கொடுத்தது இழை பல்புகளுக்கான பழைய வகை. அது மின்சார அலையின் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் தொடக்கப் பகுதியை வெட்டுவது. எல்இடி பல்புகள் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், அந்த டிம்மருக்குத் தேவையான குறைந்தபட்சச் சுமை கிடைக்காமல் விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருந்தன. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரைச்சுற்றின் பிற்பகுதியை வெட்டும் எல்இடி டிம்மரையும், ஒளியைக் குறைக்கலாம் என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்த பல்புகளையும் வாங்கினேன். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை. மின்விசிறி ரெகுலேட்டரே போதும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே எலக்ட்ரீசியன் பழைய சுவிட்சைக் கழற்றினார். ஃபேஸ் கம்பி டிம்மர் வழியாகவும் நியூட்ரல் நேராகவும் விளக்குகளுக்குச் சென்றன. வெளியில் உள்ள விளக்குக் கூடுகள் தூசியும் பீய்ச்சும் நீரும் உள்ளே புகாத ஐபி65 தரத்தவை. டிம்மருக்கு அந்தக் காப்பு இல்லாததால், சாரல் எட்டாத உட்சுவரில் வைத்தோம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தச் சுண்ணாம்புப் பூச்சை உளியால் கொத்த எனக்கு மனம் வரவில்லை; ஆகவே தேக்கு நிலையின் ஓரமாகக் கம்பிகளை மூடும் பட்டை அடித்து, அதன் வழியே அவற்றைக் கொண்டுபோனோம். கடைசியாக, டிம்மரின் பக்கவாட்டிலுள்ள சிறு திருகைத் திருப்பி, மிகக் குறைந்த நிலையிலும் விளக்கு அணையாதபடி சரிசெய்தோம்.