கார் ஏத்துற டிரெய்லரை ஒடிக்கிறதும் ரிவர்ஸ் எடுக்கிறதும்

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் கார் டிரெய்லர்ல புதுசா உக்கார்றவங்க லெஃப்ட் திரும்பும்போது கேபினை மட்டும் பாத்து ஒடிச்சிடாதீங்க, பின் வீல் உள்பக்கமா அறுத்துக்கிட்டு வரும், பைக்காரனும் கரெக்டா அந்த கேப்லதான் நுழைவான். கேபினை நல்லா முன்னாடி விட்டுட்டு அப்புறமா ஒடிங்க, வால் எதிர்ப்பக்கம் வீசும், ரைட் மிரரையும் பாருங்க.

ரிவர்ஸ்ல ஸ்டியரிங்கை ரைட்ல ஒடிச்சா டிரெய்லர் லெஃப்ட்ல போகும், கொஞ்சம் கொஞ்சமா ஒடிங்க, டிரெய்லர் கேபின் பக்கமா மடங்க ஆரம்பிச்சா மல்லுக்கட்டாம முன்னாடி எடுத்து நேராக்கிடுங்க. முடிஞ்சா டிரைவர் சைடு பாத்தே ரிவர்ஸ் போங்க, லெஃப்ட்ல ஒண்ணும் தெரியாது. பின்னாடி நின்னு வழி சொல்ற கிளீனர் மிரர்ல தெரியலையா, உடனே பிரேக்.

மூடின பாடின்னா காலியா போனாலும் உயரம் குறையாது, ரயில்வே சப்வேல போர்டு பாக்காம இறங்காதீங்க.