மலைநடைக்கு வழிகாட்டிப் புத்தகம்: பார்த்து வாங்குவது எப்படி?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்தில் நான் போகும் கடைகளில் புத்தகம் என்றால் பள்ளிப் பயிற்சி நூல், பஞ்சாங்கம், சமையல் குறிப்பு, அவ்வளவுதான். அதில் ஒரு கடையில் போய், "நேப்பாளத்துல ரெண்டு வாரம் மலையில நடக்கப் போறேன், அதுக்கு வழிகாட்டிப் புத்தகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, அங்க கார் போகாதா?" என்றார்.

அன்று சிரித்துவிட்டு வந்தேன். வழிகாட்டிப் புத்தகம் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்பது பின்னால்தான் புரிந்தது.

நான் செம்பனைத் தோட்டமொன்றில் ஆபீஸ் கிராணி, அதாவது எழுத்தர். நேப்பாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையை நடந்து முடித்து வந்ததிலிருந்து, தோட்டத்துத் தங்கச்சிமார் சிலர் "எந்தப் புத்தகம் வாங்கினீங்க, எங்க வாங்கினீங்க" என்று கேட்டபடி இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த பாதை என்பதால் அன்னபூர்ணாவையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஸ்பெயினின் கமினோ போனாலும் நியூசிலாந்தின் தே அராரோவா போனாலும் பார்க்க வேண்டியவை ஏறக்குறைய இவைதான்.

படி 1: பாதையும் மாதமும் முதலில், புத்தகம் அப்புறம்

"நேப்பாளம்" என்று பெரிதாகத் தலைப்புப் போட்ட பயணப் புத்தகம் வேறு, நடைப்பாதை வழிகாட்டி வேறு. முன்னதில் ஹோட்டல், கோவில், சாப்பாட்டுக்கடை எல்லாம் இருக்கும். எந்த ஊரில் ஆற்றைத் தாண்ட வேண்டும் என்று இருக்காது. அன்னபூர்ணா பகுதிக்குள்ளேயே பாதைகள் பல. 3,210 மீட்டர் பூன் ஹில் நாலைந்து நாள் நடை, 4,130 மீட்டரில் இருக்கும் அடிவார முகாம் இன்னொன்று, 5,416 மீட்டர் தொரோங் லா கணவாயைக் கடக்கும் சுற்றுப்பாதை மற்றொன்று. உங்கள் பாதைக்கு அந்தப் புத்தகம் எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறது என்று பொருளடக்கத்தில் எண்ணுங்கள். பத்துப் பக்கத்தில் முடிந்துவிட்டால் அதை வைத்து நடக்க முடியாது.

நான் சுற்றுப்பாதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அம்மா. கணவாயைத் தாண்டி இறங்கினால் முக்திநாத். ஆழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் இதுதான் என்று வைணவர்கள் கொள்கிறார்கள். அங்கே 108 தாரைகளில் கொட்டும் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்து வரச் சொன்னார் அம்மா.

மாதத்தைப் பொறுத்தவரை, மழைக்காலம் முடிந்த அக்டோபர், நவம்பர்தான் அங்கே நல்ல பருவம். நம் தீபாவளியும் அப்போதுதான் வரும், வீட்டில் முணுமுணுப்பு நிச்சயம். அதனால் நான் ஏப்ரலில் போனேன். வசந்தமும் நடக்க ஏற்ற காலமே. புறப்பட 4 மாதம் இருக்கும்போதே புத்தகம் கையில் இருக்கட்டும்.

படி 2: புத்தகத்தின் வயதைக் கண்டுபிடியுங்கள்

நான் ஏமாந்த இடம் இது. மலிவு விற்பனை ஒன்றில் 8 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பழைய வழிகாட்டி கிடைத்தது. அழகான படங்கள், தெளிவான எழுத்து. ஒரு மாதம் அதை உருப்போட்டேன். எங்கள் ஆலை வாசலில் காவலுக்கு நிற்கும் நேப்பாளத் தம்பிக்கு ஊர் மியாக்தி மாவட்டம், அந்தப் பாதையின் மேற்குப் பக்கம். ஒருநாள் பெருமையாக அவரிடம் புத்தகத்தைக் காட்டினேன். பேனியிலிருந்து ஜோம்சோம் வரை நாள்கணக்கில் நடப்பதாக எழுதியிருந்த பக்கங்களைப் புரட்டிவிட்டு, "சுடா அடா ஜாலான், காக்" என்றார். ரோடு வந்துவிட்டதாம். அவர் லீவில் ஊருக்குப் போவதே அந்த வழியில் பஸ்ஸில்தானாம்.

கிழக்குப் பக்கத்திலும் அதே கதைதான். மனாங் வரை ஜீப் போகிறது. ரோட்டுப் புழுதியிலிருந்து விலகி நடப்பதற்கென்றே மாற்றுப் பாதைகள் அமைத்து, பாறையிலும் மரத்திலும் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்திருக்கிறார்கள். கிளைப் பாதைகளுக்கு நீல வெள்ளைப் பட்டை. என் 8 வெள்ளிப் புத்தகத்தில் இந்தப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வயதைக் கண்டுபிடிக்க மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, பதிப்புரிமைப் பக்கம். அட்டையில் போட்டிருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். "மறு அச்சு" என்றால் பழைய எழுத்தையே திரும்ப அச்சடித்தது. "புதிய பதிப்பு" என்றால்தான் யாரோ திரும்பப் போய் நடந்து பார்த்துத் திருத்தியிருக்க வாய்ப்பு உண்டு. 2012 பதிப்பு, 2019 மறு அச்சு என்று இருந்தால் அது 2012 புத்தகம்தான்.

இரண்டாவது, விசா கட்டணம். நேப்பாளத்தில் இறங்கியதும் வாங்கும் விசாவுக்கு 15 நாளுக்கு 30 அமெரிக்க டாலர், 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125 என்பது 2019இல் வந்த கணக்கு. புத்தகத்தில் 25, 40, 100 என்று இருந்தால் அதற்கு முந்தைய காலத்துப் புத்தகம் என்று உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது, வழிகாட்டி ஆள் பற்றிய விதி. 2023 ஏப்ரல் 1 முதல் அன்னபூர்ணா போன்ற பகுதிகளில் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று நேப்பாளச் சுற்றுலா வாரியம் அறிவித்தது. "தனியாகவே தாராளமாகப் போகலாம்" என்று எழுதியிருக்கும் புத்தகம் அதற்கு முந்தியது.

பழசு என்பதற்காகத் தூக்கிப் போடவும் வேண்டாம். மலையும் கணவாயும் இடம் மாறவில்லை. சரித்திரம், கோவில், செடி கொடி பற்றிய பக்கங்கள் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன. நடக்கும் பாதைக்கு மட்டும் அதை நம்பக்கூடாது. சிசெரோன் போன்ற சில பதிப்பகங்கள், புத்தகம் வந்த பிறகு ஏற்பட்ட மாற்றங்களைத் தங்கள் இணையத்தளத்தில் இலவசமாகப் போடுகின்றன. வாங்குவதற்கு முன்பே அந்தப் பட்டியலைப் படியுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் புதிய பதிப்பு வருகிறதா என்று பார்த்துக் காத்திருக்கலாம்.

"அதான் வழிகாட்டி ஆளே கூட வர்றாரே, புத்தகம் எதுக்கு?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நடையை ஏற்பாடு செய்யும் ஏஜென்சிக்காரர் கொடுக்கும் நாள் திட்டம் சரியா என்று பார்க்க வேண்டாமா? அடுத்த படி அதற்குத்தான்.

படி 3: ஒரே ஒரு நாளைப் படித்துப் பாருங்கள்

கடையில் நின்றாலும் சரி, இணையத்தில் மாதிரிப் பக்கம் பார்த்தாலும் சரி, புத்தகம் முழுவதையும் புரட்ட வேண்டாம். கடினமான ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நான் மனாங்கிலிருந்து கிளம்பும் நாளைப் பார்ப்பேன்.

மனாங் சுமார் 3,540 மீட்டர். அடுத்து யாக் கர்கா, 4,000 மீட்டரைச் சற்றுத் தாண்டியது. அதற்கடுத்து தொரோங் பேடி, ஏறக்குறைய 4,450. அப்புறம் கணவாய். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பது உயர நோயை (உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உடல்நலக் கோளாறு) தவிர்க்க மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. மனாங்கிலிருந்து ஒரே நாளில் பேடிக்கு ஏற்றிவிடும் புத்தகம் முந்தின இரவைவிட 900 மீட்டர் கூடுதல் உயரத்தில் உங்களைத் தூங்க வைக்கிறது. முதல்முறை போகிறவர்களுக்கு அந்தப் புத்தகம் வேண்டாம். ஏஜென்சி கொடுத்த திட்டமும் அப்படி இருந்தால், புத்தகத்தைக் காட்டியே கூடுதல் நாள் கேளுங்கள். நான் கேட்டேன், கொடுத்தார்கள்.

அந்த ஒரு நாள் விவரத்தில் தூரம், ஏற்றம், இறக்கம், நேரம், தண்ணீர் கிடைக்கும் இடம், தங்கும் இடம், முடியாமல் போனால் திரும்பி இறங்கும் வழி எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது இல்லாத புத்தகங்கள் நிறைய.

நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் "4 மணி நேரம்" என்றால் பெரும்பாலும் அது நிற்காமல் நடக்கும் நேரம். தேத்தண்ணி, படம் எடுப்பது, செருப்புக்கடியைப் பார்ப்பது எதுவும் அதில் சேராது. 1892இல் நெயிஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி நேரம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஈப்போ பக்கம் இருக்கும் கிளேடாங் மலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பாருங்கள். எனக்குக் கணக்கைப் போல ஒன்றரை மடங்கு ஆனது. அதனால் எந்தப் புத்தகத்திலும் 4 மணி என்று கண்டால் பென்சிலால் பக்கத்தில் 6 என்று எழுதிவிடுவேன்.

ஆங்கிலத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், திரும்பத் திரும்ப அதே சொற்கள்தான் வரும். ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். "ட்ரூ லெஃப்ட்" என்றால், தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்பவருக்கு எது இடப்பக்கமோ அந்தக் கரை. ஆற்றுக்கு எதிர்த்திசையில் ஏறிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அது வலக்கை. இது தெரியாமல் நான் தப்பான பாலத்தின் பக்கம் போய் முக்கால் மணி நேரம் வீணாக்கினேன்.

படி 4: வரைபடம் தனியாக வாங்குங்கள்

புத்தகத்துக்குள் இருக்கும் படம் போதாது. 1:50,000 அளவு வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் என்பது அரை கிலோமீட்டர். 1:100,000 என்றால் ஒரு கிலோமீட்டர். தூரம் அளக்க நான் பூ கட்டும் நூலைப் பயன்படுத்துகிறேன். வளைவுக்கு வளைவு பாதையின் மேல் நூலை ஒட்டி வைத்து, முடியும் இடத்தில் நகத்தால் கிள்ளிப் பிடித்து, நீட்டி அடிக்கோலில் அளந்தால் சரியாக வரும். நூலை நனைத்துக்கொண்டால் நழுவாது.

ஊர்ப் பெயர்கள் புத்தகத்தில் ஒரு மாதிரி, வரைபடத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கும். தொரோங் என்றும் தொருங் என்றும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உயரமும் புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேப்பாள வரைபடத்தை இங்கே தேடி அலையவும் வேண்டாம், காத்மாண்டு தமேல் பகுதிக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன.

படி 5: வாங்குவது

பெயரைச் சொல்லித் தேடினால் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கலந்து வரும். பின்னட்டையில் இருக்கும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிப்புக்குப் பதிப்பு அந்த எண் மாறும்.

நேரில் பார்த்து வாங்க வேண்டுமானால் கோலாலம்பூர் போக வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து எல்ஆர்டியில் கேஎல்சிசி, சூரியா பேரங்காடிக்குள் கினோகுனியா. போவதற்கு முன் தொலைபேசியில் அந்த எண்ணைச் சொல்லி, இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் டிக்கெட் காசு வீண்.

இணையத்தில் வாங்குவதென்றால், முன்பு உலகம் முழுக்க அஞ்சல் செலவில்லாமல் அனுப்பிய புக் டிபாசிட்டரி 2023 ஏப்ரலில் மூடப்பட்டது. இப்போது பதிப்பகத்திடமே நேராக வாங்கினால் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மின்நூலுக்கு அந்தச் செலவு இல்லை, அன்றே கைக்கு வந்துவிடும்.

பாதி விலை என்றால் சந்தேகப்படுங்கள். நான் ஓர் இணைய விற்பனையாளரிடம் அப்படி வாங்கிய புத்தகம் நகலெடுத்துக் கட்டியது. வரைபடம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. ஆறு ஒரு கோடு, பாதை ஒரு கோடு, எல்லை ஒரு கோடு. எது எதுவென்று கடவுளுக்குத்தான் தெரியும். மதிப்புரைகளில் வாங்கியவர்கள் போட்ட உள்பக்கப் படங்களைப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன்.

தோட்டத்தில் இருப்பவர்கள் லயத்து வீட்டு முகவரி கொடுக்காதீர்கள். இரண்டாவது டிவிஷன் எங்கே என்று பார்சல்காரருக்குத் தெரியாது, "ஆளில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். ஆபீஸ் முகவரியும் கைப்பேசி எண்ணும் போடுங்கள். கிராணியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எத்தனை பார்சல் என் மேசைக்கடியில் பெயரில்லாமல் கிடந்திருக்கின்றன!

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வருமான வரியில் 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறைக் கழிவில் புத்தகமும் சேரும், மின்நூலுக்கும் பொருந்தும்.

படி 6: அறுத்து எடுத்துப் போங்கள்

புத்தகத்தை அறுப்பதா என்று அம்மாவுக்குக் கோபம், சரஸ்வதி என்று சொல்லித் தடுத்தார். ஆனால் முதுகில் சுமக்கும்போது ஒவ்வொரு கிராமும் கணக்கு. நடுவில் விரித்து, முதுகுப் பசையில் மெல்லிய கத்தியை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தால் தாள் கிழியாமல் பிரியும். சுற்றுப்பாதை அத்தியாயத்தையும் உயர நோய் பற்றிய பக்கங்களையும் மட்டும் எடுத்து, பட்டணத்துக் கடையில் சுருள் கம்பி போட்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் வைத்தேன். அதே பக்கங்களைக் கைப்பேசியிலும் படம் பிடித்து வைத்திருந்தேன். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும் என்பதால், இரவில் கைப்பேசியைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

மீதிப் புத்தகம் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. மனாங் போகிறவர்கள் வந்து கேளுங்கள், அறுத்த பக்கங்களையும் சேர்த்தே தருகிறேன். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் மணிக்கணக்கு என் கால்களுக்கானது, அழித்துவிட்டு உங்களுடையதை எழுதிக்கொள்ளுங்கள்.