ஹைட்ரோபிளேன் மாடல் படகு: அடிவயிற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி?

ஹைட்ரோபிளேன் என்றால் தண்ணீரின்மேல் வழுக்கி ஓடும் பந்தயப் படகு. நான் கட்டிய முதல் ஹைட்ரோபிளேன் மாடலை பாளையங்கோட்டைப் பக்கத்துக் குளம் ஒன்றில் இறக்கிய அன்று அது தவளை மாதிரி ஓடியது. ஒரு தடவை இடது பக்கம் குதிக்கும், அடுத்த தடவை வலது பக்கம். கடைசியில் ஆகாயத்தாமரைக்குள் தலைகுப்புற விழுந்தது. மோட்டார் சரி, பேட்டரி சரி, ரேடியோவும் சரி. பக்கத்துத் தெரு ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படகைக் கையில்கூட வாங்கவில்லை.

"எதுல வச்சு மட்டம் பாத்திய?"

"சாப்பாட்டு மேசையில, அண்ணாச்சி."

"அந்த மேச மட்டமா இருக்கான்னு பாத்தியளா?"

பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மேசைமேல் நீள ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தால், நடுவில் ஒரு தீக்குச்சி நுழைந்தது. அதாவது 2 மி.மீ. பள்ளம். அந்தப் பள்ளம் அப்படியே படகில் இறங்கி, வலது ஸ்பான்சன் (படகின் பக்கவாட்டு மிதவை) இடதைவிட 2 மி.மீ. தாழ்ந்திருந்தது. அதனால்தான் இந்தப் பதிவில் மோட்டார், பேட்டரி பற்றிக் கொஞ்சமாகவும் இடைவெளிகளைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

முதலில், இது எப்படி ஓடுகிறது?

வேகம் பிடித்ததும் ஹைட்ரோபிளேன் தண்ணீரை மூன்றே இடத்தில்தான் தொடும். முன்னால் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் ஸ்பான்சன்களின் பின்நுனிகள் இரண்டு, பின்னால் ப்ரொப்பல்லரின் கீழ்ப்பாதி ஒன்று. மீதி உடம்பு முழுக்கக் காற்றின்மேல் நிற்கிறது. ஸ்பான்சன் வைத்துக் கட்டுவது 1930களிலேயே வந்துவிட்டது. ஆனால் பின்பக்கத்தையும் தூக்கி, ப்ரொப்பல்லர் மேலேயே ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்தது 1950 ஜூன் 26-ல். சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில், டெட் ஜோன்ஸ் வடிவமைத்த ஸ்லோ-மோ-ஷன் 4 என்ற படகு மணிக்கு 258 கி.மீ. தொட்டது. அதற்கு முந்தைய சாதனை 1939-ல் மால்கம் கேம்பெல் வைத்த 228 கி.மீ. ஒரே தாவலில் 30 கி.மீ. கூடிவிட்டது.

அளவு

அமெரிக்காவில் ஓடும் அன்லிமிடெட் வகைப் படகு, அதாவது ஹைட்ரோபிளேன்களில் பெரிய பந்தயப் படகு, சுமார் 9 மீட்டர் நீளம், 3 டன் எடை. உள்ளே சினூக் ஹெலிகாப்டரின் டர்பைன். அதை 12-ல் ஒரு பங்காகக் குறைத்தால் 75 செ.மீ. வரும். எடையை 12-ஆல் வகுக்கக் கூடாது, 12×12×12, அதாவது 1728-ஆல் வகுக்க வேண்டும். வருவது 1¾ கிலோ. பேட்டரி, மோட்டார் எல்லாம் சேர்த்து இந்த எடைக்குள் நில்லுங்கள். வேகத்துக்கு 12-ன் வர்க்கமூலம், சுமார் 3.46. பெரிய படகின் 320 கி.மீ. நம் மாடலுக்குச் சுமார் 92 கி.மீ. முதல் படகுக்கு 50 போதும், அதுவே கண்ணுக்கு மின்னலாகத் தெரியும்.

படகை 12-ஆல் வகுக்கலாம். தண்ணீரையும் காற்றையும் வகுக்க முடியாது. அதனால் புகைப்படத்தைப் பார்த்து அப்படியே நகல் எடுத்தால் மேல்தோற்றம் அழகாக இருக்கும், ஓட்டம் வராது. மேல்பக்கம் ஸ்கேல்படி கட்டுங்கள். அடிப்பக்கத்தைக் கீழே சொல்கிற கணக்குப்படி கட்டுங்கள்.

படி 1: கடப்பாக்கல் வாங்குங்கள்

படகுக்கு மரம் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். 75 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவில் பாலிஷ் போட்ட கடப்பாக்கல் அல்லது கிரானைட் துண்டு. கல் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டாகவே கிடைக்கும். நீள ஸ்கேலை நான்கு திசையிலும் நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியாத கல்லாகத் தேர்ந்தெடுங்கள். இனிமேல் இந்தக் கல்தான் உங்கள் தண்ணீர் மட்டம். எல்லா இடைவெளியையும் இதிலிருந்துதான் அளக்கப் போகிறோம்.

படி 2: நடு உடல்

3 மி.மீ. பிளைவுட்டில் சட்டம். குறுக்குப் பலகைகளை மூலைமட்டம் வைத்து நிறுத்தி, கல்லின்மேலேயே எபாக்சி போட்டு ஒட்டுங்கள் (அடியில் பாலித்தீன் தாள் விரிக்க மறந்தால் கல்லும் படகோடு சேர்ந்துவரும்). மிதப்புக்குத் தெர்மோகோல் வைப்பவர்கள் கவனிக்க: ஃபைபர் கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசின் தெர்மோகோலைக் கரைத்துவிடும். எபாக்சி கரைக்காது.

இரண்டு ஸ்பான்சன்களுக்கு நடுவே உள்ள அடிப்பகுதிதான் காற்று போகும் சுரங்கம். என் படகில் ஸ்பான்சன் முடிகிற இடத்தில் இந்த அடிப்பகுதி கல்லிலிருந்து 14 மி.மீ. உயரம். அங்கிருந்து 40 செ.மீ. பின்னால், படகின் கடைசிப் பலகையான டிரான்சத்தில் 8 மி.மீ. ஆக, 40 செ.மீ.க்கு 6 மி.மீ. சரிவு. ஒரு டிகிரிக்கும் குறைவு. 'இன்னும் கொஞ்சம் சரிவு வைத்தால் நன்றாகத் தூக்குமே' என்று தோன்றும். தூக்கும், அதுதான் ஆபத்து. வேகம் இரண்டு மடங்கானால் காற்று தூக்கும் விசை நான்கு மடங்காகும். மூக்கு கொஞ்சம் எழும்பினாலும் அடிவயிற்றில் இன்னும் அதிகக் காற்று மோதும், அது மூக்கை மேலும் தூக்கும், அப்புறம் குட்டிக்கரணம்தான். 1967 ஜனவரி 4-ல் கானிஸ்டன் ஏரியில் மால்கமின் மகன் டொனால்டு கேம்பெல், புளூபேர்ட் கே7 படகு இப்படி மூக்கு எழும்பிப் புரண்டதில்தான் இறந்தார்.

படி 3: ஸ்பான்சன்

இங்கே அவசரமே கூடாது. நான் ஒரு ஜோடி ஸ்பான்சனுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்கிறேன்.

தண்ணீரில் உட்காரும் அடிப்பட்டைக்கு 3 டிகிரி சாய்வு. கோணமானி தேட வேண்டாம்: 10 செ.மீ. நீளத்துக்கு முன்பக்கம் 5 மி.மீ. உயர்ந்தால் அதுதான் 3 டிகிரி. 5 மி.மீ. பட்டை ஒன்றைச் சக்கையாக (முட்டுக் கொடுக்கும் துண்டாக) செதுக்கி வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் அதை வைத்தே சோதியுங்கள். இரண்டும் 4 மி.மீ.யாக இருந்தாலும் ஓடும். ஒன்று 4, இன்னொன்று 5 என்றால் ஓடாது. இடமும் வலமும் அரை மி.மீ.க்குமேல் வித்தியாசப்படக் கூடாது.

அடுத்தது விளிம்பு. உப்புத்தாளைக் கையில் எடுத்தால் நமக்கு எல்லா மூலையையும் உருட்டிவிட வேண்டும் என்று கை அரிக்கும். ஸ்பான்சனின் பின்விளிம்பையும் அடிவிளிம்புகளையும் உருட்டினால் படகு கெட்டது. ஏன் என்று பார்க்க, குழாயில் தண்ணீரை மெல்லத் திறந்து, குழம்புக் கரண்டியின் புடைத்த முதுகை அதில் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் நேராக விழாமல் முதுகோடு வளைந்து ஒட்டிக்கொண்டு போகும், கரண்டியையும் உள்ளே இழுக்கும். உருட்டிய விளிம்பில் நடப்பதும் இதுதான். கத்தி போன்ற விளிம்பாக இருந்தால் தண்ணீர் அங்கேயே அறுந்து விலகும். பிளைவுட் விளிம்பு சீக்கிரம் சிதைவதால் நான் அதன்மேல் எபாக்சியை இரண்டு தடவை பூசி, காய்ந்தபின் தட்டைக் கட்டையில் சுற்றிய 220 உப்புத்தாளால் மட்டும் தேய்க்கிறேன். விரலால் தேய்க்கவே மாட்டேன்.

படி 4: ப்ரொப்பல்லரும் ஸ்ட்ரட்டும்

ஸ்ட்ரட் என்பது ப்ரொப்பல்லர் தண்டைத் தாங்கும் கால். படகைக் கல்லின் ஓரத்தில், ஸ்ட்ரட் வெளியே தொங்கும்படி வையுங்கள். டிரான்சத்தின் அடியில் 8 மி.மீ. சக்கை. இப்போது ப்ரொப்பல்லர் தண்டின் நடுக்கோடு கல்லின் மேல்தளத்தோடு நேராக வர வேண்டும். ஒரு எஃகு ஸ்கேலைக் கல்லின்மேல் வைத்து வெளியே நீட்டினால் தெரிந்துவிடும். 40 மி.மீ. ப்ரொப்பல்லர் என்றால் 20 மி.மீ. தண்ணீருக்குள், 20 மி.மீ. மேலே. மேல்பாதி டிரான்சத்தின் அடியைவிட உயரமாக இருப்பதால் ப்ரொப்பல்லர் படகுக்குப் பின்னால்தான் இருக்க முடியும். டிரான்சத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி வையுங்கள். ரொம்பக் கிட்டே வைத்தால் அது வாரியடிக்கிற தண்ணீர் படகின் பின்புறத்திலேயே மோதும்.

ஸ்ட்ரட் கல்லுக்கு இணையாக இருக்கட்டும். உயரத்தை மாற்ற நீள்துளை வைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் ஓட்டிப் பார்த்து மூக்கு லேசாக எழும்பினால் ஸ்ட்ரட்டை 1 மி.மீ. இறக்குங்கள், பின்பக்கம் உயர்ந்து மூக்கு தாழும்.

புதியவர்கள் எல்லோரும் தவறவிடும் ஒரு இடைவெளி உண்டு. ப்ரொப்பல்லரைப் பிடித்துச் சுழற்றும் டாக் என்ற துண்டுக்கும் ஸ்ட்ரட்டின் பின்முனைக்கும் நடுவே 3 மி.மீ. விட வேண்டும். மோட்டாரிலிருந்து ப்ரொப்பல்லரைச் சுழற்றும் முறுக்குக் கம்பியான ஃபிளெக்ஸ் கேபிள், சுமை ஏறும்போது முறுக்கி இறுகிக் கட்டையாகும். ஈரத்துணியைப் பிழிந்தால் நீளம் குறைவது மாதிரி. இடைவெளி விடாவிட்டால் டாக் ஸ்ட்ரட்டில் உரசி, பித்தளை புஷ் சூடாகித் தேய்ந்துபோகும்.

சுக்கானை வலது பக்கம் தள்ளிப் பொருத்தி, சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். சுக்கானின் எந்த முனையும் ப்ரொப்பல்லருக்கு 15 மி.மீ.க்குள் வரக் கூடாது.

படி 5: திருப்புத் தகடு

திரும்பும்போது படகு பக்கவாட்டில் வழுக்காமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் தகடு இது. அமெரிக்காவில் பெரிய படகுகள் இடப்பக்கமாகத் திரும்பி ஓடுவதால் தகடு இடது ஸ்பான்சனில் இருக்கும். ரிமோட் மாடல் பந்தயம் பொதுவாகக் கடிகாரச் சுற்று. ஆகவே நமக்கு வலது ஸ்பான்சன். 2 மி.மீ. அலுமினியம், தண்ணீருக்குள் 6 செ.மீ. இறங்கினால் போதும். எல்லா அளவும் முடிந்த பிறகே மாட்டுங்கள். மாட்டிவிட்டால் படகு கல்லில் உட்காராது.

படி 6: எடை நடு

பேட்டரி வைத்து, இரண்டு விரலில் படகைத் தூக்குங்கள். ஸ்பான்சனின் பின்நுனிக்கு 3 முதல் 4 செ.மீ. பின்னால் விரல் வைக்கும்போது படகு சமமாக நிற்க வேண்டும். பேட்டரி முன்னும் பின்னும் நகர 5 செ.மீ. இடம் விட்டால் பிற்பாடு தவிக்க வேண்டியிராது. இரண்டு ஸ்பான்சன் மூக்கிலும் தெர்மோகோல் அடைத்திருக்கிறீர்களா? படகு கவிழத்தான் போகிறது.

குளத்தில்

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்துக் குளங்கள் நிரம்பிவிடும். தை, மாசியில் காலை 7 மணிக்குள் போனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆடியில் வேண்டாம். அம்மியே பறக்கிற காற்றில் 1¾ கிலோ படகு எம்மாத்திரம். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. ஆட்கள் குளிக்கிற படித்துறைப் பக்கம் போகாதீர்கள். கூந்தன்குளம் போலப் பறவைகள் அடையும் இடம் வேண்டவே வேண்டாம். மீன் குத்தகைக் குளமாக இருந்தால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வலை எங்கே கட்டியிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும், வலையில் மாட்டிய ப்ரொப்பல்லரை விடுவிக்க அவர் ஆள்தான் வர வேண்டும்.

முதல் ஓட்டம் 2 நிமிடம், அரை வேகம். கரைக்குக் கொண்டுவந்து மூடியைத் திறங்கள், தண்ணீர் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள், மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். அந்த 3 மி.மீ. இடைவெளி இன்னும் அதே 3 மி.மீ.தானா என்றும் பாருங்கள். குறைந்திருந்தால் கேபிள் வழுக்கியிருக்கிறது, மோட்டாரையும் கேபிளையும் இணைக்கும் கப்லிங்கின் திருகை இறுக்கிவிட்டு இறக்குங்கள்.